டார்ச்சு மாப்பிள்ளையும் கறுப்புக் காரும்

முதலில் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பிறகு கார்க் கதவில் கன்னம் பட்டும் படாமலும் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்துச் சாய்வாக அடிப்பார். நேராக அடித்தால் எல்லாக் காரும் புதுக் கார்தான். சாய்த்து அடித்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும். மூச்சு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். மூச்சுக் காற்று பட்டால் பெயிண்டின் மேல் ஆவி படர்ந்து கீறலை மறைத்துவிடுமாம்.

"ஒளிஞ்சிட்டு இருக்கான் மாமா. வெளிய வரச் சொல்றேன் பாருங்க" என்பார், கட்டிலுக்கடியில் பதுங்கிய பூனையைப் பற்றிப் பேசுவதுபோல.

இவர் என் மகளைக் கட்டியவர், இருவரும் எங்களோடுதான் குடியிருக்கிறார்கள். தெருவில் இவருக்கு டார்ச்சு என்று பெயர். நான் மரியாதைக்கு ஒரு மாப்பிள்ளை சேர்த்து, டார்ச்சு மாப்பிள்ளை என்பேன். முகத்துக்கு நேரேயும் சொல்வேன். சிரிப்பார். கோபம் என்ற ஒரு சாமான் அந்தக் கடையில் கிடையாது.

தொழில் பல் செட் செய்வது. டாக்டர் வாயை அளவெடுத்து அச்சு அனுப்புவார், இவர் பட்டறையில் உட்கார்ந்து பல்லைக் கட்டி, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவார். அதனால் யாரையும் முகம் பார்த்து இவருக்கு அடையாளம் தெரியாது. "யாருங்க அவரு, மேல் பல் ரெண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குமே" என்பார். பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் என் மகளைப் பார்த்தார்கள். இவர் மட்டும் நான் சிரிக்கும்போதெல்லாம் என் கடைவாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனாரிடம் என்ன இருக்கிறது என்று எடைபோடுகிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் எண்ணிப் பார்த்தது எனக்கு இல்லாத பற்களை.

என் பல் செட்டும் இவர் செய்ததுதான். கொடுக்கும்போது ஒரு கண்ணாடியையும் கையில் கொடுத்து, டார்ச்சை அடித்து, "இந்த ஓரத்துல மயிரிழை மாதிரி ஒரு கோடு மிச்சம் இருக்கு மாமா. எடுத்தா பல்லு பலவீனமாயிடும். அதான் விட்டுட்டேன்" என்றார். எனக்கு அந்தக் கோடு தெரியவே இல்லை. தெரியாததை எதற்கையா காட்டுகிறாய்! அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை செட்டைக் கழுவும்போதும் என் கண் அந்த ஓரத்துக்குத்தான் போகிறது.

இதுதான் இவர் குணம். எதைச் செய்து கொடுத்தாலும், எது மிச்சமிருக்கிறதோ அதைக் காட்டாமல் விடமாட்டார். பட்டறைக்கு விடுமுறை என்றால் எங்கள் கார் ஷெட்டில் சொந்தக்காரர், சிநேகிதர் என்று யாராவது ஒருவருடைய வண்டி நிற்கும். மெருகேற்றி முடித்ததும் வண்டிக்காரர் வாய் பிளந்து நிற்பார். பாராட்டி முடிக்கும் முன்பே இவர் டார்ச்சை எடுத்துவிடுவார். "எல்லாம் சரி, இங்க பாருங்க, இது போகல." வந்தவர் முகம் தொங்கிவிடும். "ஏங்க, கல்யாண வீட்டுல போய் மாப்பிள்ளைக்கு மச்சம் இருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்று என் மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேட்டரியில் ஓடுகிற பாலிஷ் மிஷின், வயர் கிடையாது. முன்பு வயர் வைத்த ஒன்று இருந்தது. ஷெட்டில் பிளக் இல்லாததால் சமையலறை ஜன்னல் வழியாக வயர் வரும். புகை வருகிறது, பூச்சி வருகிறது என்று வீட்டில் யாராவது ஜன்னலை இழுத்து மூடுவார்கள், மிஷின் நின்றுவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் தோளில் போட்டிருந்த வயர் நழுவி, அப்போதுதான் முடித்திருந்த பானட்டின் மேல் விழுந்து இழுபட்டது. பாம்பு ஊர்ந்ததுபோல ஒரு தடம். பானட் முழுவதையும் முதலிலிருந்து செய்தார். அதன் பிறகு வந்ததுதான் இந்த வயரில்லாத மிஷின்.

நான் அதைப் பார்த்துச் சிரித்தவன். சிரிக்க எனக்கு உரிமை உண்டு. பள்ளிக்கூடத்தில் பெஞ்சைத் தேய்த்ததைவிட நான் லாரி டயரைத் தேய்த்ததுதான் அதிகம். கிளீனராக ஏறி, டிரைவராகி, ஒற்றை லாரி வாங்கி, இன்று என் பெயர் எழுதிய லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஷெட்டுக்கு முதலாளி. பெயிண்ட் அடிக்க எனக்குத் தனிக் கொட்டகையே உண்டு. என் லாரி ஒன்று ரோட்டில் போனால் பின்னால் வருகிறவன் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அப்படிப்பட்டவன் முன்னால், குழந்தை விளையாட்டுச் சாமான் மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தால் சிரிக்காமல் என்ன செய்வது?

ஆனால் வேலை நடக்கும்போது என்னால் அங்கிருந்து நகர முடிவதில்லை என்பதும் உண்மை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

வேலையில் இவருக்கென்று சில சட்டங்கள். மிஷினை வேறு யாரும் தொடக் கூடாது. தேய்க்கிற ஸ்பாஞ்ச் வட்டுக்கு பேடு என்று பெயர். அது தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதைக் கையால் தொட மாட்டார், மண் ஒட்டியிருக்குமாம். பேடு ஒட்டுகிற வெள்ளைத் தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். மிஷின் சுற்றும்போது அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், கை அதிகமாக அழுத்துகிறது, பேடு சுற்றாமல் நின்ற இடத்திலேயே நடுங்கிச் சூடேற்றுகிறது என்று அர்த்தம். அப்புறம் பேட்டரி. இரண்டு வைத்திருக்கிறார். ஒன்று தீர்ந்தால் அதைக் கழற்றிய கையோடு அடுத்ததை மாட்டிவிடுவார். "வேலை பாக்கி இருக்கும்போது மிஷின் வெறும் வயித்தோட இருக்கக் கூடாது மாமா." பேட்டரியைக் கழற்றி, வேறு மாட்டாமல் மிஷினைப் பையில் வைத்தார் என்றால், முடிந்தது. அதற்கு மேல் யார் சொன்னாலும் தொடமாட்டார்.

போன மாதம் ஒருநாள், எங்கள் வீட்டு ஷெட்டில் என் மகனின் கறுப்புக் கார் நின்றது.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் பிள்ளைகள் கதையைச் சொல்ல வேண்டும். என் மகன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். என்னைப்போலவே சொந்தக் காலில் நிற்பவன், முன்கோபத்திலும் எனக்குக் குறைந்தவனில்லை. அவனிடம் முன்பு ஒரு வெள்ளைக் கார் இருந்தது. என் மகள் அதை ஒருநாள் இரவல் வாங்கிப் போய், ஒரு கடையின் பார்க்கிங்கில் தூணில் பின்பக்கம் இடித்துவிட்டாள். பயத்தில் வாயைத் திறக்காமல் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். அவன் தன் டிரைவர்தான் இடித்தான் என்று நினைத்து அந்த ஆளை வேலையை விட்டு நிறுத்திவிட்டான். அவளுடன் காரில் இருந்த சிநேகிதி மூலம் விஷயம் பல மாதம் கழித்து அவன் காதுக்கு வந்தது. எங்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "இடிச்சதுக்கு கோபம் இல்ல. ஒருத்தன் சோத்துல மண்ணு விழுறதப் பாத்துட்டு சும்மா நின்ன பாரு, அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு வருஷம் அண்ணன் தங்கை பேச்சு இல்லை. இருவரும் ஒரே வீட்டில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்து நடப்பார்கள். என் வீட்டுக்காரி அழுது அழுது ஓய்ந்துபோனாள்.

இந்த வருஷம்தான் கொஞ்சம் இளகினான். குடும்பத்தோடு வெளியூர் புறப்பட்டபோது புதுக் காரை எங்கள் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை என்னிடம் கொடுக்காமல், நேராகத் தங்கையிடம் நீட்டினான். "சும்மா நிக்க வேணாம். எங்கயாவது போறதுன்னா எடுத்துட்டு போ." அவ்வளவுதான் சொன்னான். அவள் அந்தச் சாவியை வாங்கிய விதத்தைப் பார்த்து நானே திரும்பிக்கொண்டேன்.

அவன் திரும்பி வருவதாக இருந்த அன்று காலையில், கழுவி நிறுத்தலாமே என்று காரைப் பின்னால் எடுத்தவள், கேட் கொண்டியில் உரசிவிட்டாள். பின்கதவில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கீறல். கதவின் நடுவே ஓடும் மடிப்பையும் தாண்டி ஏறியிருந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை. "அப்பா, திரும்பவும் நானா?" என்றாள்.

"நம்ம பெயிண்டரைக் கூப்பிடறேன். ஒரு அடி அடிச்சா போச்சு" என்றேன் நான்.

"வேணாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. அதற்குள் டார்ச்சோடு மண்டியிட்டிருந்தார். "பல்லுல எத்தனை வெள்ளை இருக்கோ, கார்ல அத்தனை கறுப்பு இருக்கு. அடிச்சா ஒட்டுப் போட்ட மாதிரி தனியாத் தெரியும். மச்சான் கண்ணாடிக் கடைக்காரரு. கண்ணை மூடிட்டே கண்டுபுடிச்சிடுவாரு." கீறலின் குறுக்கே கட்டைவிரல் நகத்தை மெதுவாக இழுத்தார். நகம் மாட்டினால் ஆழம், மாட்டாவிட்டால் மேலோட்டம். ஓரிடத்தில் நின்றார். மறுபடி இழுத்தார். "முக்கால்வாசி வழுக்குது. மடிப்புல மட்டும் லேசா தட்டுது."

"அப்படின்னா?"

"அப்படின்னா பாக்கணும்."

கழுவினார். களிமண்போல மெத்தென்ற ஒரு கட்டியால் தூசியை உருவி எடுத்தார். மடிப்பின் மேலும், ஜன்னல் ரப்பரின் மேலும் நீல டேப் ஒட்டினார். மடிப்பில்தான் பெயிண்ட் எப்போதும் மெல்லிசாக நிற்கும். அங்கே தேய்த்தால் அடிப்பூச்சு பல்லைக் காட்டிவிடும் என்று எனக்கும் தெரியும். பேடில் நான்கு பொட்டு பாலிஷ் பசை வைத்து, மிஷினைக் கதவில் வைத்த பிறகுதான் சுவிட்சைத் தட்டினார். முதலில் மெதுவாகப் பரப்பி, அப்புறம் வேகம் கூட்டி, ஆமை வேகத்தில் கையை நகர்த்தினார். குறுக்கே ஒரு தடவை, மேலும் கீழுமாக ஒரு தடவை. துணியால் ஒற்றி எடுத்து, டார்ச் அடித்து, புறங்கையால் சூடு பார்த்து, மறுபடி.

கீறலின் வெள்ளை சாம்பலாயிற்று. சாம்பல் நூலாயிற்று.

என் மகள் வாசற்படியில் நின்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "போயிடுமாங்க? ஏங்க, போயிடுமா?" ஒவ்வொரு தடவை மிஷின் நிற்கும்போதும் இதே கேள்வி. "போயிட்டு இருக்கு" என்பார் அவர், தலையைத் திருப்பாமல்.

அப்போதுதான் என் போன் அடித்தது. மகன். "அப்பா, ட்ரெயின் சீக்கிரமே வந்திடுச்சு. இவங்களை வீட்டுல விட்டுட்டு டாக்ஸில நேரா அங்க வர்றேன்."

நான் சொன்னதும் மாப்பிள்ளை "சரி" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் மிஷின் மறுபடி ஓடியபோது அதன் சத்தம் மாறியிருந்தது. அதுவரை வண்டு ரீங்காரம் போல இருந்தது, அடைத்த தொண்டை மாதிரி ஆகிவிட்டது. நான் வெள்ளைத் தட்டைப் பார்த்தேன். அந்தக் கறுப்புக் கோடு தெரிந்தது. தெளிவாக, நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு.

"மாப்பிள்ளை, கோடு!"

சட்டென்று தூக்கினார். புறங்கையைக் கதவில் வைத்தவர் சுட்டுக்கொண்டதுபோல இழுத்துக்கொண்டார். மூவரும் அந்த இடத்தையே பார்த்தோம். துணியால் துடைத்தார். டார்ச்சை அடித்தார். என் வாழ்க்கையில் பிரேக் பிடிக்காத லாரியோடு மலை இறங்கியிருக்கிறேன். அன்றைக்குக்கூட என் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

"ஒண்ணும் ஆகல" என்றார் கடைசியில். நெற்றி வேர்வை கதவில் சொட்டாமல் இருக்கத் தலையைப் பின்னுக்கு இழுத்து, தோளில் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை சொன்னீங்க மாமா." மிஷினில் சிவப்பு விளக்கு மினுக்கியது. பேட்டரியைக் கழற்றி அடுத்ததை மாட்டினார். பேட்டரி உள்ளே போகும் இடத்தைக் கண்டுபிடிக்க, அந்தக் கைக்கு இரண்டு முயற்சி வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு கோடு தெரியவில்லை.

டேப்பை உரித்தபோது கதவு கறுப்புத் தண்ணீர் தேங்கிய கிணறு மாதிரி நின்றது. என் முகம், என் நாற்காலி, வாசற்படியில் மகள், எல்லாம் அதற்குள். மடிப்பின் மேல் மட்டும், ஓர் அரிசி நீளத்துக்கு, இருக்கிறதா இல்லையா என்று ஒரு கோடு. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தும் தெரியவில்லை. அவர் டார்ச்சைச் சாய்த்த பிறகே தெரிந்தது.

"இதையும் எடுத்துடுங்களேன்" என்றாள் மகள்.

"எடுத்தா அதுக்கு அடியில இருக்கறதும் வந்துடும். இதுக்கு மேல தொட மாட்டேன்."

"சரி விடுங்க, யாருக்கும் தெரியாது" என்றேன். "அந்த டார்ச்சை உள்ள கொண்டுபோய் வெச்சிட்டு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"உங்க பழக்கத்தை இன்னிக்கு ஒருநாள் ஓரமா வைங்க மாப்பிள்ளை. ரெண்டு வருஷம் கழிச்சு ஒட்டியிருக்கு. தெரியாத ஒண்ணுக்கு வெளிச்சம் போட்டுக் காட்டி அதைப் பிச்சிடாதீங்க."

"ஏங்க, அப்பா சொல்றதக் கேளுங்க" என்றாள் மகள். கெஞ்சினாள் என்றே சொல்ல வேண்டும். "அவன் சாவியை வாங்கிட்டுப் போயிடுவான். இந்தத் தடவ போனா வரமாட்டான்."

அவர் டார்ச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே கொண்டுபோகவும் இல்லை. மிஷினைக் கையிலேயே வைத்திருந்தார், பேட்டரியோடு. வேலை முடிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு அதைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு எரிச்சல்.

டாக்ஸி வந்து நின்றது. மகன் இறங்கினான். நல்ல மூடில் இருந்தான். முகம் கறுத்து, மூக்கு உரிந்து, ஊர் சுற்றிய களை. காரைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தான், கடையில் புதுச் சரக்கு வந்தால் பார்ப்பானே, அதேபோல.

"என்ன மாப்பிள்ளை, நான் கேக்கவே இல்ல, பாலிஷே போட்டுட்டீங்களா? என் மூஞ்சி இவ்ளோ அழகான்னு இப்பதான் தெரியுது."

"மூஞ்சி பழசுதான் மச்சான், கதவு மட்டும்தான் புதுசு" என்றார் இவர். மகன் சத்தமாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே பின்கதவைத் தாண்டிப் போய்விட்டான். நான் மூச்சு விட்டேன்.

மகள் சாவியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. "உன்கிட்டயே இருக்கட்டும். என்கிட்ட இன்னொண்ணு இருக்கு. அடிக்கடி எடுத்து ஓட்டு, அப்பதான் கை பழகும்" என்றான்.

அவ்வளவுதான், எல்லாம் சுபம் என்று நான் நாற்காலியை மடிக்கப் போனேன். மாப்பிள்ளையின் கை சட்டைப்பைக்குப் போவதைப் பார்த்தேன். இருமினேன். நான் இருமினால் எங்கள் ஷெட்டில் லாரியே நின்றுவிடும். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. டார்ச்சை எடுத்துவிட்டார்.

ஆனால் சுவிட்சைப் போடவில்லை. காரின் பக்கமும் போகவில்லை. வாசற்படிக்குப் போய், மனைவியின் வெறும் கையைப் பிடித்து, உள்ளங்கையில் டார்ச்சை வைத்து, விரல்களை மூடிவிட்டார். திரும்பி வந்து பழைய இடத்திலேயே, மிஷினை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டார்.

அவள் ஒரு கையில் சாவியும் ஒரு கையில் டார்ச்சுமாக நின்றாள். அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"அண்ணா" என்றாள். "இங்க கொஞ்சம் வா."

அவன் வந்தான். அவள் பின்கதவின் முன்னால் மண்டியிட்டு, புருஷன் அடிப்பதுபோலவே டார்ச்சைச் சாய்த்து அடித்தாள். வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது.

"கேட் கொண்டில உரசிட்டேன். காலைல. நான்தான். இங்கேர்ந்து இதுவரைக்கும் இருந்துச்சு. இவர் எடுத்துட்டாரு. இது ஒண்ணு மட்டும் போகல."

மகன் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிவிட்டது. குனிந்தான். மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தான். ஒருமுறை. இன்னொருமுறை. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவன் நிமிரவில்லை. அவள் கையிலிருந்த சாவியை அவன் கேட்பான் என்று நான் காத்திருந்தேன். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள் போலும், சாவி இருந்த கை பாதி நீண்டிருந்தது.

"எங்க, தலையை எடு, மறைக்கிற" என்றான் அவன், அவள் பக்கத்தில் தானும் மண்டியிட்டபடி. "வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டா."

எனக்குப் பின்னால் டக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை மிஷினிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.